நாலு விடையும் ஒரே வரியில் அடங்குமா?

கேள்வி: நான் திருவல்லிக்கேணியில் ஒரு பதிப்பகத்தில் 14 வருடமாக டிடிபி (கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கம் அமைக்கும்) வேலை பார்க்கிறேன். வயது 39. பி.காம். படித்தவள். போட்டித் தேர்வுக்கான வினா-விடைப் புத்தகங்கள்தான் எங்களுக்கு முக்கிய வேலை. ஒரு புத்தகத்தில் 400 பக்கம், சுமார் 3,000 கேள்வி இருக்கும். வேர்டு ஃபைலில் வருவதைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்6-ல் கொட்டி, கேள்வி எண், நான்கு விடைகள், டேப், போல்டு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன். மூன்று வாரம் போய்விடுகிறது, தோள்பட்டை வலி வேறு. ஸ்கிரிப்ட் (மென்பொருளே வரிசையாகச் செய்யும்படி எழுதும் கட்டளைகள்) எழுதினால் இதெல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். புரோகிராம் தெரியாத நான் இந்த வயதில் கற்க முடியுமா? வடபழனியில் ஒரு பயிற்சி மையத்தில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி வகுப்புக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? என் மகன், “ஏஐயே எழுதிக் கொடுத்துவிடும், படிக்கவே தேவையில்லை” என்கிறான். இன்னொரு பயமும் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடிந்தால், இங்கே இருக்கும் மூன்று பேரில் ஒருவரை முதலாளி நிறுத்திவிடுவாரோ?

— ஒரு வாசகி, சென்னை-5

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்டும் முன்பே கேட்டீர்களே, நல்லது. அந்த 35,000 ரூபாயை இப்போதைக்குக் கட்டாதீர்கள். பைத்தான் நல்ல மொழிதான், நானும் அதில் வேலை செய்கிறேன். ஆனால் இன்டிசைனுக்குள்ளேயே ஓடும் மொழிகளில் பைத்தான் இல்லை. விண்டோஸில் ஜாவாஸ்கிரிப்ட், விபிஸ்கிரிப்ட். மேக்கில் ஜாவாஸ்கிரிப்ட், ஆப்பிள்ஸ்கிரிப்ட். இவைதான் அதற்குப் புரியும். வெளியிலிருந்து பைத்தானைக் கொண்டு இன்டிசைனை இயக்க வழி உண்டு, ஆனால் ஆரம்பிப்பவருக்கு அது சுற்றுவழி. வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து வேறு எதை எதையோ எழுதிப் பழகுவீர்கள். உங்கள் வினா-விடைப் புத்தகம் மட்டும் அங்கேயே நிற்கும்.

அடுத்தது வயது. நான் ராயப்பேட்டையில், இன்டிசைனுக்கு முந்தைய பேஜ்மேக்கர் மென்பொருளின் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். முதல் ஸ்கிரிப்டை எழுதியபோது எனக்கும் நாற்பதை நெருங்கிவிட்டது. வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பதிவு எந்தக் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துப் பழகிய மூளைக்கு, ஒரு பத்தி எந்த ஸ்டைலில் (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் சேர்த்துப் பெயரிட்டு வைத்த வடிவத்தில்) போய்ச் சேர வேண்டும் என்று யோசிப்பது சிரமமே இல்லை.

நீங்கள் இதுவரை ஸ்கிரிப்ட் பயன்படுத்தியதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இன்டிசைனில் விண்டோ மெனுவில் யுட்டிலிட்டீஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு பேனல் இருக்கும். திறந்து பாருங்கள். அப்ளிகேஷன் என்ற ஃபோல்டருக்குள் இன்டிக் பிரிஃபரன்சஸ் என்று ஒன்று இருக்கிறது. சிஎஸ்6-ல் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய, எழுத்துகளை வரியில் சேர்த்து அமைக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும். அந்தக் கம்போசரை இயல்பாக வருமாறு அமைத்து வைப்பதுதான் இந்தச் சின்ன ஸ்கிரிப்டின் வேலை. உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் எப்போதோ அதை டபுள் கிளிக் செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கிரிப்ட் என்பது அவ்வளவுதான். ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அந்தப் பேனலில் பெயர் தெரியும், இரண்டு முறை தட்டினால் ஓடும்.

அதே பேனலில் ஃபைண்ட்சேஞ்ச்பைலிஸ்ட் என்றும் ஒன்று இருக்கிறது. இரட்டை இடைவெளியை ஒன்றாக்குவது, காலி வரியை நீக்குவது போன்ற பல மாற்றங்களை ஒரு பட்டியலில் எழுதிவைத்தால், வரிசையாக அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் செய்து முடிக்கும். பட்டியல் தனி டெக்ஸ்ட் ஃபைலாக இருப்பதால் நோட்பேடில் திறந்து உங்கள் வரிகளைச் சேர்க்கலாம். ஒரு வரிகூட புரோகிராம் எழுதாமல், வேர்டு ஃபைலைச் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இதுவே பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் இதை மட்டும் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்டைல். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் போல்டு போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கையால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அடித்துத்தான் போடுகிறீர்கள் என்றால், அதை நிறுத்திவிட்டுத்தான் ஸ்கிரிப்ட் பக்கம் வர வேண்டும். ஸ்கிரிப்டுக்குக் கண் கிடையாது. பக்கத்தைப் பார்த்து “இது கேள்வி, இது விடை, இது விளக்கம்” என்று அதனால் சொல்ல முடியாது. அந்தப் பத்திக்கு ‘கேள்வி’ என்று ஒரு பாராகிராஃப் ஸ்டைல் இருந்தால்தான் அது கேள்வி. என்னிடம் வேலை கற்க வந்தவர்களில் ஸ்டைலில் ஒழுங்காக இருந்தவர்கள் இரண்டு மாதத்தில் ஸ்கிரிப்ட் எழுதினார்கள். புரோகிராமிங் படித்துவிட்டு ஸ்டைலை அலட்சியம் செய்தவர்கள் ஒரு வருடம் ஆகியும் தடுமாறினார்கள்.

ஸ்டைலுக்குள்ளேயே கிரெப் ஸ்டைல் என்று ஒரு வசதி உண்டு. தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல்லோ எண்ணோ வந்தால் அதற்கு வேறு எழுத்துரு தானாக விழும்படி ஒரே ஒரு முறை சொல்லி வைக்கலாம். நம் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒட்டாமல் நிற்கும், அதற்காக எத்தனை மணி நேரம் செலவழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. விலைப்பட்டியல், அடையாள அட்டை மாதிரி எக்செலில் இருந்து வரும் வேலைகளுக்கு, அட்டவணையில் உள்ளதைப் பக்கத்தில் தானாக நிரப்பும் டேட்டா மெர்ஜ் வசதி போதும். ஆனால் எக்செலில் வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், யூனிகோடு டெக்ஸ்ட் என்று சேமியுங்கள்.

இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் ஸ்கிரிப்டுக்கு உரிய வேலை. உங்கள் விஷயத்தில் அது நான்கு விடைகளை அடுக்குவது.

கண்ணை மூடிக்கொண்டு, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். விடைகள் சின்னதாக இருந்தால் நாலும் ஒரே வரியில். கொஞ்சம் நீளமென்றால் வரிக்கு இரண்டு. இன்னும் நீளமென்றால் ஒவ்வொன்றும் தனி வரி. ‘நீளம்’ என்பதை இதுவரை உங்கள் கண் முடிவு செய்தது. இனி அதை வாக்கியமாக எழுத வேண்டும். முதலில் தோன்றும் யோசனை, எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் எழுதினேன். அது தமிழில் சரிவராது. நமக்கு ‘கொ’ ஓர் எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது ககரம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என இரண்டு. ‘கொடு’ என்ற சொல்லுக்கு அது 4 என்று கணக்குச் சொல்லும். அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறும், ‘ணை’ அடைக்கும் இடத்தில் பாதிகூட ‘ர’வுக்கு வேண்டாம்.

அதனால் எண்ணாமல், போட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு விடைகளையும் நடுவில் டேப் வைத்து ஒரே பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு இந்தப் பத்தி எத்தனை வரி ஆகிறது என்று இன்டிசைனிடமே கேட்கலாம், அது சொல்லும். ஒன்றுக்கு மேல் என்றால் இரண்டு இரண்டாகப் பிரி. அதிலும் ஏதாவது ஒரு வரி உடைந்தால் தனித்தனியாகப் போடு. பெரும்பாலான கேள்விகள் இதில் சரியாக விழுந்துவிடும்.

ஆனால் அடுக்கிய கை சட்டென்று ஒரு குறை கண்டுபிடிக்கும். முதல் விடை கொஞ்சம் நீண்டு முதல் டேப் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால், இரண்டாவது விடை மூன்றாவதின் இடத்துக்குத் தாவிவிடும். மற்ற விடைகள் சின்னதாக இருந்தால் எல்லாம் ஒரே வரியில்தான் இருக்கும், வரி எண்ணிக்கையும் 1 என்றே வரும். பார்க்கக் கோணலாக இருக்கும். ஆகவே ‘ஆ’ என்ற எழுத்து வரியில் இடப்பக்கத்திலிருந்து எந்தத் தூரத்தில் தொடங்குகிறது என்றும் கேட்க வேண்டும். அதையும் இன்டிசைன் சொல்லும். இரண்டாவது விடை தனக்குரிய டேப்பில் நிற்கவில்லை என்றால் இரண்டு இரண்டாகப் போடு. இந்தச் சிக்கலை எந்தப் பயிற்சி மைய ஆசிரியரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார், அவர் 3,000 கேள்வியை அடுக்கியதில்லை. உங்களிடம் இருப்பது இந்த அறிவு. மொழியின் இலக்கணத்தை மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், இதைக் கேட்க ஆள் கிடையாது.

பொருத்துக, கூற்று-காரணம் வகைக் கேள்விகளை ஸ்கிரிப்டிடம் விடாதீர்கள், குறைந்தது முதல் வருடம். ‘அ)’ என்று தொடங்கும் வரி எல்லாமே விடை என்று அது நினைத்துக்கொள்ளும். பொருத்துகவின் இடப்பக்கப் பட்டியலும் அப்படித்தான் தொடங்குகிறது. சந்தேகம் வரும் இடத்தில் எதையும் மாற்றாமல் சிவப்பு நிறம் பூசிவிட்டுப் போகச் சொல்லுங்கள். 400 பக்கத்தில் 60 சிவப்பு என்றால் அரை நாளில் கையால் முடித்துவிடலாம்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு புத்தகம். ஒரு கேள்வி இரண்டு முறை வந்திருந்தது என்று கடைசி நேரத்தில் ஒன்றை எடுத்தோம். என் ஸ்கிரிப்ட் மீதி எண்களை அழகாக மாற்றிப் போட்டது. புத்தகத்தின் பின்னால் இருந்த விடைப் பட்டியலை அது தொடவில்லை, நானும் பார்க்கவில்லை. எடுத்த இடத்துக்குப் பிறகு வந்த அத்தனை விடைகளும் ஓர் எண் தள்ளி அச்சாகிவிட்டன. 2,000 பிரதி. ஒவ்வொன்றிலும் திருத்தத் தாள் செருகினோம், அதற்குள் கடைக்குப் போய்விட்டவை போய்விட்டன. தேர்வுக்குப் படித்த ஒரு பெண், தப்பான விடைகளை இரண்டு வாரம் மனப்பாடம் செய்ததாகக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த ஸ்கிரிப்டும், முடிந்ததும் கணக்குக் காட்டாமல் நிற்காது. கேள்விகள் இத்தனை, விடைகள் இத்தனை, விடுபட்ட எண் இவை, இரண்டு முறை வந்த எண் இவை என்று ஒரு சின்னப் பெட்டியில் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் பிடிஎஃப் எடுக்கக் கூடாது. நீங்கள் எழுதும் முதல் ஸ்கிரிப்டே இந்த எண்ணிப் பார்க்கும் ஸ்கிரிப்டாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். அது ஃபைலில் எதையும் மாற்றாது, அதனால் எதுவும் கெடாது. கற்றுக்கொள்ளவும் எளிது. முதலாளியிடம் காட்டினால் அவருக்கும் உடனே புரியும்.

எப்படி எழுதுவது? இன்டிசைன் உலகத்தை ஒரு முகவரி மாதிரி நினையுங்கள். ஊர், தெரு, வீடு, மாடி என்று தபால்காரர் போவது போல, ஸ்கிரிப்ட் முதலில் இன்டிசைனுக்குள் போகும். பிறகு திறந்திருக்கும் டாகுமென்ட், அதற்குள் ஸ்டோரி, அதற்குள் பாராகிராஃப், அதற்குள் எழுத்து. ஸ்டோரி என்பது தொடர்ந்து இணைந்த எல்லா ஃபிரேம்களிலும் ஓடும் முழு மேட்டர், 400 பக்கமும் ஒரே ஸ்டோரியாக இருக்கலாம். பத்திகளை ஒவ்வொன்றாக எடு, ஸ்டைல் ‘கேள்வி’யாக இருந்தால் கணக்கில் ஒன்றைக் கூட்டு, முடிந்ததும் கூட்டுத்தொகையைச் சொல். இப்படிக் கேள்விகளை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்ட் முழுவதுமே பத்து வரிக்குள் அடங்கும். மாறி (ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்), சுற்று (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), ‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை, இந்த மூன்றும் புரிந்தால் போதும். எளிய தமிழில் இவற்றை விளக்கும் கட்டுரைகளும் மின்னூல்களும் கணியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிஎஸ்6-ல் ஓடுவது எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் என்ற பழைய வகை ஜாவாஸ்கிரிப்ட். 1999-ல் வந்த தரத்தின் மேல் கட்டியது. இன்றைய பாடங்களில் வரும் ‘லெட்’, அம்புக்குறி ஃபங்ஷன் போன்றவற்றை எழுதினால் அது பிழை என்று நின்றுவிடும். உங்கள் மீது தவறில்லை, காலம் வேறு. மாறிகளுக்குப் பழைய ‘வார்’ என்பதையே பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்டுக்குள் தமிழ்ச் சொல் ஏதாவது இருந்தால், நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் பழக்கத்தில் அப்படியே சேமித்தால் தமிழ் போய்விடும், “ஸ்டைல் இல்லை” என்று பிழை வரும், ஒரு முழு மாலை அதில் கழியும்.

உங்கள் மகன் சொன்னதைப் பற்றி. தம்பி சொல்வதில் பாதி சரி. ஏஐயிடம் கேட்டால் எழுதிக் கொடுக்கும், நானும் கேட்கிறேன், நேரம் மிச்சமாகிறது. அது பல முறை இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிடும், இல்லாத கட்டளையை இருப்பது போலவும் எழுதும். “இன்டிசைன் சிஎஸ்6, எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட்” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வந்ததை வரி வரியாக இது என்ன செய்கிறது என்றும் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லும். உங்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இப்போது கிடைப்பது கடினம். ஆனால் புரியாத ஸ்கிரிப்டை நிஜமான ஃபைலில் ஓட்டவே கூடாது. நான் சொன்ன விடைப் பட்டியல் தவறை எந்த ஏஐயும் கேட்காமல் எடுத்துச் சொல்லாது, பட்டியல் ஒன்று புத்தகத்தின் பின்னால் இருக்கிறது என்பதே நீங்கள் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. வீட்டில் பையன் கூட உட்கார்ந்து செய்யுங்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும், உங்களுக்குப் புத்தகம் தெரியும்.

தமிழில் தேடும்போது இன்னொரு தொல்லை வரும். ‘கொ’வை இரண்டு விதமாக டைப் செய்ய முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த மேட்டரில் இது நிறைய வரும். கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்பதும் அப்படித்தான். முதல் வகையை ஃபைண்ட்சேஞ்ச் பட்டியலில் ஆரம்பத்திலேயே சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவதை ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள், நிஜமான ‘ர’வும் போய்விடும். புரூஃப் பார்ப்பவர் கண்தான் அதற்கு வழி.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆளைக் குறைக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. உங்கள் முதலாளியை எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரை, வினா-விடைப் புத்தகம் போடும் இடங்களில் டிடிபி சீக்கிரம் முடிந்தால் அந்த நாட்கள் புரூஃபுக்குப் போகின்றன, இல்லையென்றால் தேர்வு அறிவிப்பு வந்ததும் போட்டிக்கு முன்னால் புத்தகத்தைக் கடைக்கு அனுப்ப உதவுகின்றன. முதலாளிக்கு அது ஒரு சம்பளத்தைவிடப் பெரிய லாபம். ஆகவே மறைத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் என்றே சொல்லிக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை, தெரியவரும்போது நம்பிக்கை போய்விடும். எண்ணிப் பார்க்கும் ஸ்கிரிப்டைக் காட்டுங்கள். மிச்சமாகும் நாட்களில் இரண்டாவது புரூஃப் நாங்களே பார்க்கிறோம் என்று நீங்கள் மூவரும் சேர்ந்து கேளுங்கள். முடிந்தால் மற்ற இருவருக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் மற்ற இருவர் மேல் கண் போகும்.

சாயங்காலத்தில் வீட்டில் வெளிவேலை எடுப்பவராக இருந்தால், பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே வாங்குங்கள். மணிக்கணக்குக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகம் உங்கள் உழைப்பில் வந்தது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பரில் இதைத் தொடங்காதீர்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக எல்லோரும் ஓடும் மாதம் அது, புதிய முறையை அந்த நெருக்கடியில் சோதித்தால் பழையதும் கெடும். காட்சி முடிந்து ஃபைல்கள் ஓய்ந்த பிறகு, போன வருடம் அச்சாகிவிட்ட ஒரு புத்தகத்தின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஃபைலைத் தொடவே வேண்டாம். முதலில் 12 கேள்வி மட்டும் வைத்து ஒரு சின்ன ஃபைல்: நாலு குட்டி விடை, நாலு நீள விடை, முதல் விடை மட்டும் நீளமானது, ஒரு பொருத்துக, விடை எண் விடுபட்டது என்று உங்களைத் தொல்லைப்படுத்திய எல்லா வகையும் அதில் இருக்கட்டும். வீட்டில் அமைதி கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள், சொந்தப் புத்தகம் வைத்துப் படிப்பதற்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு நோட்டில், “விடை நீளமாக இருந்தால்” என்று நீங்கள் முடிவெடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் தமிழில் எழுதுங்கள்.

அந்த நோட்டு நிரம்பியதும் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதை முதலில் ஸ்கிரிப்டாக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். தோள்பட்டைக்கு ஒரு டாக்டரையும் பாருங்கள், அதைப் பிப்ரவரி வரை தள்ளிப்போடாதீர்கள்.